ரெடிமேட் வான்கோழி சூப் வாங்கிட்டேன், கொடுக்கலாமா? கோலாலம்பூர், அவசரம்

கோவைப்பொண்ணு:
வணக்கம். நாங்க கோலாலம்பூருக்குப் புதுசு, செராஸ் பக்கம் வீடு. வீட்டுக்காரருக்கு நல்ல காய்ச்சல், வாயில எதையும் வைக்க மாட்டேங்குறார். கேஸ் இன்னும் வரல, மைக்ரோவேவும் கெட்டிலும்தான் இருக்கு. கீழ சூப்பர்மார்க்கெட்டுல ரெடிமேட் வான்கோழி சூப் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நாங்க வான்கோழி சாப்பிட்டதே இல்ல. வாங்கிட்டு வந்தப்புறம் ஒரே யோசனையா இருக்கு. கொடுக்கலாமா வேண்டாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

பழைய செந்தூல்:
தங்கச்சி, டின்னா, பாக்கெட்டா, ஐஸ்பெட்டியில இருந்து எடுத்ததா? அதச் சொல்லலியே. வான்கோழிக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. ருசி கிட்டத்தட்ட கோழிதான், நெஞ்சுக்கறி கொஞ்சம் வறட்சியா இருக்கும். ஆனா என்னைக் கேட்டா அத ஓரமா வச்சிட்டு, பக்கத்து மாமாக் கடையில (இங்க தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைய அப்படித்தான் சொல்வாங்க) சூப் காம்பிங் புங்குஸ் பண்ணி, அதாவது பார்சல் கட்டி, வாங்கிக் கொடுங்க. மிளகு தூக்கலா போட்ட ஆட்டு சூப், பத்து வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்தான் ஆகும்.

மதுரைக்காரன்:
அண்ணே, காய்ச்சல்காரருக்கு ஆட்டு சூப்பா? மேல எண்ணெய் மிதக்கும், குமட்டிடும். ரசம் வைங்க சிஸ்டர். ரைஸ் குக்கர் ஒண்ணு வாங்கிட்டா அதுலயே ரசமும் வைக்கலாம், கஞ்சியும் வைக்கலாம். புளி, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரே தெருவுல கிடைக்கும். வந்த புதுசுல நான் குக்கர வச்சுத்தான் காலம் தள்ளினேன். ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்த மிக்ஸியோட பிளக் இங்க சேரவே இல்ல. இங்க தட்டையான மூணு முள் பிளக், நம்ம உருண்டை முள் உள்ளயே போகாது. அடாப்டர் வாங்குற வரைக்கும் சட்னி கிடையாது.

பூச்சோங் குடும்பம்:
பிளக்காவது ஒரு அடாப்டரோட போச்சு. வீடு பிடிச்சத நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ரெண்டு மாச வாடகை டெபாசிட், ஒரு மாசம் அட்வான்ஸ், கரண்ட் தண்ணிக்கு இன்னொரு அரை மாசம். சாவி கையில வர்றதுக்குள்ள மூன்றரை மாசக் காசு காலி. பேங்க்ல கணக்கு திறக்கக் கேட்டா வேலை பெர்மிட் வரட்டும்னாங்க, பெர்மிட் எப்பன்னு ஆபீஸ்ல கேட்டா பதிலே இல்ல. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் கூட வேலை பார்க்குறவர்கிட்ட கைமாத்து வாங்கித்தான் சாப்பாடு.

மதுரைக்காரன்:
அத ஏன் கேக்குறீங்க. வீட்ட காலி பண்ணும்போது சுவத்துல ஆணி அடிச்சேன்னு டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க. ஆணி நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. புதுசா வர்றவங்க குடியேறுற அன்னைக்கே ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிடுங்க.

பழைய செந்தூல்:
பாவம், அந்தப் பொண்ணு கேட்டது சூப்பு. தங்கச்சி, டின்லயோ பாக்கெட்லயோ ஜாக்கிம் (இங்க அரசாங்க இஸ்லாமிய இலாகா) ஹலால் முத்திரை இருக்கான்னு பாருங்க. இருந்தா கண்ண மூடிட்டுச் சாப்பிடலாம்.

கோவைப்பொண்ணு:
டின்தான் அண்ணா, ஹலால் முத்திரை இருக்கு. நாங்க மாட்டுக்கறி தொட மாட்டோம், அவர் அதுல ரொம்பக் கண்டிப்பு. அதான் பயம். பின்னாடி எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கு. காய்ச்சல் முந்தாநாள் ராத்திரியில இருந்து அடிக்குது. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுங்கிறார், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கிறார்.

பட்டர்வொர்த் அக்கா:
அம்மா, சூப்ப விடுங்க, முதல்ல காய்ச்சல். நீங்க சொல்ற வலி டிங்கிக்கும் (நம்ம ஊர்ல டெங்கும்பாங்க) வரும். கோலாலம்பூர், சிலாங்கூர்ல வருஷம் பூரா டிங்கி இருக்கு. இன்னைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் டிங்கியான்னு பார்க்குற என்எஸ்1 ரத்தப் பரிசோதனை கேளுங்க, முதல் சில நாள்லயே தெரியும். அதுவரைக்கும் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூபனும் ஆஸ்பிரினும் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு வரும். விடாம வாந்தி, கடுமையான வயித்து வலி, ஈறுல ரத்தம், இதுல எது வந்தாலும் கிளினிக் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு இருந்துடாதீங்க, டிங்கி முத்துறது பெரும்பாலும் அப்பத்தான்.

இனி சூப். செந்தூல் அண்ணன் சொன்னது பாதிதான். ஹலால்னா பன்றி இல்லன்னு நம்பலாம், மாடு இல்லன்னு நம்ப முடியாது. ஹலால் முறையில அறுத்த மாடும் ஹலால்தான். வான்கோழி சூப்புன்னு பேர் இருந்தாலும் ருசிக்கு வேற இறைச்சிச் சாறும் சேர்த்திருக்கலாம். ஆனா இங்க 1985ஆம் வருஷ உணவு விதிமுறைப்படி மாட்டிறைச்சியோ அதுல இருந்து எடுத்ததோ சேர்ந்திருந்தா லேபிள்ல சொல்லியாகணும். எழுத்து பொடியா இருந்தா போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க. பீஃப் (beef), லெம்பு (lembu, மலாய்ல மாடு), இந்த ரெண்டு வார்த்தையத் தேடுங்க. ஜெலட்டின்னு (மிருகத் தோல், எலும்புல இருந்து எடுக்குறது) இருந்து எதோடதுன்னு போடலைன்னா நீங்க விட்டுடறதே நல்லது.

மாடு கலக்கலன்னு தெரிஞ்சா தாராளமா கொடுக்கலாம். டின்ன அப்படியே மைக்ரோவேவுக்குள்ள வைக்காதீங்க. கிண்ணத்துல ஊத்தி, லேசா மூடி, நடுவுல ஒரு தடவை கிளறிவிட்டு, உள்ள வரைக்கும் ஆவி பறக்கச் சூடு பண்ணுங்க. கண்டென்ஸ்டுன்னு (கெட்டியாக்கினது) போட்டிருந்தா டின்ல சொன்ன அளவு தண்ணி சேர்க்கணும். மேல உப்பு போடாதீங்க. டின் சூப்புல சோடியம் அதிகம், ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள்ளதான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டின்ல இருக்குற சோடியம் கணக்கு பெரும்பாலும் ஒரு பரிமாறலுக்கு, முழு டின்னுக்கு இல்ல. சூப்ப மட்டும் நம்பாம இளநீர், ஓஆர்எஸ், பார்லித் தண்ணி மாத்தி மாத்திக் கொடுங்க. மிச்சத்த டின்லயே விடாம வேற டப்பாவுல மாத்தி ஐஸ்பெட்டியில வைங்க. இந்தச் சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தா கொட்டிடுங்க.

அவர் கம்பெனிக்கு பேனல் கிளினிக் (கம்பெனியோட ஒப்பந்தம் உள்ள கிளினிக்) எதுன்னு ஹெச்ஆர்ல இப்பவே கேளுங்க, அங்க போனா பெரும்பாலும் கையில இருந்து காசு கொடுக்க வேண்டி வராது. ஹெச்ஆர் போன எடுக்கலைன்னா காத்திருக்காதீங்க, 24 மணி நேர கிளினிக் எதுக்காவது போயிடுங்க. பாஸ்போர்ட் கையில இருக்கட்டும்.