சிகரெட்டால் குரல் கட்டையாகிவிட்டது, மேலே ஏறவில்லை. திரும்புமா?

உருமிப் பாடகன், சுங்கை சிப்புட்:
வணக்கம். எனக்கு வயது 39. பகலில் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். திருவிழாக் காலத்தில் உருமி மேளக் குழுவில் பாடுகிறேன். 18 வயதில் தொட்ட சிகரெட், இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்.

போன மாதம் தோட்டத்துக் காளியம்மன் கோயிலில் கரகம் கிளம்பும் நேரம். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் குரல் பிளந்து வெறும் காற்றுதான் வந்தது. உருமி அடித்த தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அடியை அவனே எடுத்துப் பாடினான். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

இரண்டு மாதமாகவே கரகரப்பு. பனங்கற்கண்டு, மிளகு, சுக்குத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்துவிட்டேன். வேப்புக்கு (மின் சிகரெட்டுக்கு) மாறினால் சரியாகுமா?

ஓய்வுபெற்ற டிரெசர் (மருத்துவ உதவியாளர்), தைப்பிங்:
தம்பி, நீங்கள் குடிக்கிற சுக்குத் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் இறங்கிவிடும். நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். புகைதான் ஒவ்வொரு இழுப்பிலும் அவற்றை உரசிக்கொண்டு போகிறது. வேப்பும் அதே வாசல் வழியாகத்தான் போகும், அதனால் அதை நம்ப வேண்டாம்.

ஆண் பேசும்போது நாண்கள் விநாடிக்கு 100 தடவைக்கு மேல் அதிரும். பெண்ணுக்கு 200 போல. புகை அவற்றைக் காயவைக்கும், பிறகு தோலுக்கு அடியில் நீர் கோத்து வீங்கும். கனத்த நாண் மெதுவாக அதிரும், குரல் தாழ்ந்துவிடும். ஈரம் ஏறிய தப்பு மேளத்தின் தோல் தொய்ந்துபோவது உங்களுக்குத் தெரியாததா? அதைத் தீயில் காட்டி முறுக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. மேளத்துக்கு மேலே கத்திப் பாடுவதும் வீக்கத்தைக் கூட்டும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். புகைப்பவருக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். குரல்வளைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். கூடவே மதுவும் இருந்தால் ஆபத்து இன்னும் பெருகும். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், அந்த மருத்துவரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள். பல கிளினிக்குகளில் சிகரெட்டை விட உதவும் பிரிவும் உண்டு, அதையும் அங்கேயே கேளுங்கள்.

பால்மரத்து மகள், பீடோர்:
அண்ணா, என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் சுருட்டுப் பிடிப்பார். பிற்பாடு போனில் பேசினால் எதிரில் இருப்பவர் "ஐயா" என்பார். அம்மா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டிவிடுவார். டாக்டர் பார்த்து, இரண்டு நாணும் வீங்கியிருக்கின்றன, அறுவை செய்தாலும் சுருட்டை விடாவிட்டால் திரும்ப வீங்கும் என்றார். அம்மா சுருட்டை விட்டார். குரல் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் காலைச் செருமல் நின்றது, பேரப்பிள்ளைக்குத் தாலாட்டு பாட முடிந்தது. தள்ளிப்போடாதீர்கள் அண்ணா.

உருமிப் பாடகன், சுங்கை சிப்புட்:
ஐந்து வாரம் ஆகிவிட்டது. நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. ஈப்போவில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரையில் எனக்கும் காட்டினார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய நாண்கள் ஊறிய அவல் போல உப்பிக் கிடந்தன. கட்டி எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

சிகரெட்டை விட்டு இன்றோடு 12 நாள். லாரி ஏறியதும் கை சட்டைப்பையைத்தான் தேடுகிறது. வரும் வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தம்பி பாடுகிறான். நான் பக்கத்தில் நின்று உருமி அடிக்கிறேன்.