விண்டோஸ் 98: 640×480, 16 நிறத்துக்கு மேல் போகவில்லை

கேள்வி:
விண்டோஸ் 98 எஸ்இ. பென்டியம் 4, 1 ஜிபி ரேம், ஜிஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் பிசிஐ எக்ஸ்பிரஸ் கிராஃபிக்ஸ் கார்டு, 17 இன்ச் எல்சிடி. செட்டிங்ஸ் பக்கத்தில் 640×480, 16 நிறம் மட்டும்தான் தெரிகிறது. கார்டில் 256 எம்பி மெமரி இருந்தும் 256 நிறம்கூட ஏன் வரவில்லை? சில சமயம் விண்டோஸ் தொடங்கும்போதே மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு. நிறப் பிரச்சினைக்குக் காரணம் டிரைவர். கார்டு அடையாளம் தெரியாததால் விண்டோஸ் பொதுவான விஜிஏ டிரைவரைப் போட்டிருக்கிறது. அது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைத் தரத்தின் கணக்கோடு நின்றுவிடும்: மெமரி 256 கேபி. 640×480-இல் 16 நிறத்துக்கு 150 கேபி போதும். 256 நிறத்துக்கு 300 கேபி வேண்டும், இடமில்லை. கார்டில் எத்தனை எம்பி இருந்தாலும் அந்த டிரைவர் அதைத் தொடாது.

8400-க்கு விண்டோஸ் 98 டிரைவர் வரவே இல்லை. என்விடியாவில் ஜிஃபோர்ஸ் 6 வரிசைதான் கடைசி, டிரைவர் 81.98. ஏடிஐ கார்டு என்றால் அவர்களின் கேட்டலிஸ்ட் டிரைவர் 6.2 கடைசி.

பதில் 2:
கார்டை மாற்ற விருப்பமில்லை என்றால் விபிஇஎம்பி என்ற பொது டிரைவரைப் போடுங்கள். கார்டின் பயாஸில் (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள வெசா மோடுகளையே, அதாவது பொதுத் தரத்திலான திரை அளவுகளையே, அது பயன்படுத்துகிறது. செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அடாப்டர், சேஞ்ச் என்று போய், பட்டியலைக் காட்டச் சொல்லி, 'ஹேவ் டிஸ்க்' கொடுத்து டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் (நிறுவல் விவரக்) கோப்பைக் காட்ட வேண்டும். மெமரி அளவு வாரியாகத் தனித்தனி ஃபோல்டர் இருக்கும். 32 எம்பியே எடுங்கள். 1280×1024, 32 பிட்டுக்கு 5 எம்பிதான் ஆகும். பெரியதை எடுத்தால் 98-இன் மெமரி முகவரி இடம்தான் வீணாகும்.

3டி வேகம் எதிர்பார்க்காதீர்கள், வராது. திரை கறுத்துப்போனால் எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து, டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில் 3:
டிரைவருக்கு முன்னால் ரேமைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் எது எதனால் கெடுகிறது என்றே புரியாது. 512 எம்பிக்கு மேல் போனால் 98-இன் விகேஷ் (டிஸ்க் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் பகுதி) அளவுக்கு மீறி மெமரி முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே இடம்தான் வேண்டும். சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற விண்டோஸ் அமைப்புக் கோப்பில் விகேஷ் பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144 என்று சேருங்கள் (வரியை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்; அலகு கேபி, அதாவது 256 எம்பி). அதிலும் அடங்காவிட்டால் அதே கோப்பின் 386என்ஹ் பகுதியில் மேக்ஸ்ஃபிஸ்பேஜ்=20000. இது ஹெக்ஸ் (16 அடிமான) எண். மெமரிப் பக்கம் ஒன்றுக்கு 4 கேபி வீதம் ரேமை 512 எம்பியோடு நிறுத்திவிடும்.

கேட்டவர்:
மேக்ஸ்ஃபைல்கேஷ் வரி சேர்த்ததும் மெமரி செய்தி வரவில்லை. விபிஇஎம்பி-யில் 1280×1024 கிடைத்தது. அகலத் திரை மானிட்டருக்கு 1366×768 கிடைக்குமா?

பதில் 2:
பயாஸ் பட்டியலில் அந்த மோடு இருந்தால்தான் கிடைக்கும். பெரும்பாலான கார்டுகளில் 4:3, 5:4 மோடுகளே இருக்கும். உங்கள் 17 இன்ச் 5:4 ஆக இருந்தால் 1280×1024 அதற்கு அச்சாகப் பொருந்தும், அதையே வைத்திருங்கள். 3டி விளையாட்டு வேண்டுமென்றால் மட்டும் ஒரு ஜிஃபோர்ஸ் 6600 பிசிஐ எக்ஸ்பிரஸ் தேடுங்கள்.