புதுப்பிப்பு: வேன் கூரையைக் கழுவியாச்சு

டிராவலர் வேனின் கூரையை மேலே ஏறாமல் கழுவ என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டு முக்காலி வைத்து நடுவில் சாரப் பலகை போடச் சொன்ன அண்ணாச்சிக்கு மனமார்ந்த நன்றி. ஏணியை விட அதுதான் நல்லது, ஏணி மாதிரி அது வண்டியில் சாய்வதில்லை, பெயிண்டும் பிழைக்கிறது. நடுக்கூரைக்கு நீளக் கம்பு பிரஷ் எட்டிவிடுகிறது.

நம்ம திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் கூரை முழுக்கத் தேரி மணல், அதாவது இங்குள்ள செம்மணல் மேடுகளின் மணல், படிந்துவிடும். அது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம், பெயிண்டை விடக் கடினம். காய்ந்த துணியால் தொடவே கூடாது. ஹோஸ் தண்ணீரை நிறைய விட்டு மணலை இறக்கிய பிறகுதான் ஷாம்பூ, பிரஷ் எல்லாம். கூரை முடிந்த பிறகே பக்கவாட்டுக்கு வாருங்கள், அழுக்கு எப்படியும் கீழேதானே வடியும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயில் ஏறுமுன் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். காயவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். அப்புறம், ஓரப் பள்ளத்தில் அடைந்த வேப்பிலையை விரலால் எடுத்துவிடுங்கள். பிரஷர் வாஷரைக் கூரை ஏசியின் ரப்பர் ஓரத்தில் நேராகப் பிடிக்காதீர்கள், தண்ணீர் உள்ளே இறங்கும்.

அடுத்து வேன் கூரைக்கு வாக்ஸ் போடப் போகிறேன்.