பாட்டைக் கேட்கிறோமா, ஊரைப் பார்க்கிறோமா?

ஹட்டன் வாசுகி:
ஜீ தமிழ் டிவியின் சிறுவர் பாட்டுப் போட்டி சரிகமப லிட்டில் சாம்ப்ஸ், அதன் 2023 பருவத்தை யூடியூப்பில் மறுபடி பார்க்கிறேன். யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வென்றதில் எனக்குக் குறையில்லை. மேலே போனாலும் குரல் மெலியாது, சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். ஆனால் அதே போட்டியில் நம் இலங்கை மலையகத்து அசானி பாடினால் நான் சுருதி கவனிப்பதையே விட்டுவிடுகிறேன். மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்த வருடம் வேறு! எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பரா (அறை) அக்கா பாட்டு தொடங்குமுன்பே அழுதுவிடுவார். பாட்டையும் ஊர்ப்பாசத்தையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்?

பதுளை அண்ணன்:
ஏன் பிரிக்க வேண்டும் தங்கச்சி? நம் தோட்டங்களில் பாட்டு வாத்தியார் எத்தனை பேர்? கோயில் பஜனையும், தோட்டத்தில் ஆடிப் பாடும் காமன் கூத்தும்தான் பள்ளிக்கூடம். அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

கொட்டகலை ரசிகன்:
பாட்டுக்கு முன் ஓடும் குடும்பக் கதையைத் தள்ளிவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். சரணத்தில் மூச்சு எங்கே முறிகிறது என்று பாருங்கள். பல்லவியில் எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள்தான்.

ஹட்டன் வாசுகி:
கவிழ்த்து வைத்துக் கேட்டேன் அண்ணே. கில்மிஷாவுக்கு மூச்சு நீளம், சரி. அசானியின் கீழ்க்குரலில் ஒரு கனம் இருக்கிறது, அது கதையால் வந்ததில்லை. பதுளை அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் அவமானம். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.