சர்வீஸ் ஒப்பந்தத்தில் கோட் யாருக்குச் சொந்தம்? – அனுபவப் பகிர்வு

ஒப்பந்தம் எழுதுபவர்

மென்பொருள் செய்து தரும் சர்வீஸ் ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரி: "இப்பணியின்போது உருவாகும் அனைத்துத் தொழில்நுட்பமும் அறிவுசார் சொத்தும் கிளையன்டுக்கே உரியவை." தொழில்நுட்பம் என்றால் என்ன என்பது ஒப்பந்தத்தில் எங்கேயும் இருக்காது. சண்டை "உரியவை" என்ற சொல்லில் வருவதில்லை. "அனைத்து" என்பதில்தான் வரும்.

மூன்று குவியலாகப் பிரியுங்கள். வேலை தொடங்கும் முன்பே அவரவரிடம் இருந்தது ஒன்று. இந்த வேலைக்கென்றே புதிதாகச் செய்தது இரண்டாவது. வெளியார் சரக்கு மூன்றாவது: ஓப்பன் சோர்ஸ், காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், எழுத்துரு, படங்கள். முதல் குவியலை வர்ணித்து எழுதாதீர்கள். இணைப்பில் பட்டியலாகப் போடுங்கள்: பெயர், பதிப்பு எண், கையெழுத்தான நாளில் ரெப்போவில் (கோட் சேமிப்பகத்தில்) இருந்த கமிட் ஹேஷ், அதாவது கோடின் அன்றைய நிலையைக் காட்டும் அடையாள எண். எது பழசு, எது புதுசு என்று பிறகு வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை.

பட்டியலில் விட்டுப்போனது என்னவாகும் என்றும் எழுத வேண்டும். "பட்டியலில் இல்லாதவை புதியவை என்றே கொள்ளப்படும்" என்பது கிளையன்ட் வக்கீலுக்குப் பிடித்த வரி. கவனிக்காமல் கையெழுத்திட்ட வென்டர் (வேலையைச் செய்து தருபவர்), பல வருடமாகச் சேர்த்த லைப்ரரியை (பல வேலைகளுக்கும் பயன்படும் கோட் தொகுப்பை) தூக்கிக் கொடுத்தவர் ஆவார். "முன்பே இருந்ததற்குச் சான்று காட்டினால் பழையதே" என்று திருத்திக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வென்டர் தரப்பு டெவலப்பர்

மேலே சொன்ன மூன்று குவியலும் சரி. நடைமுறையில் இடிக்கும் இடம் நான்காவது: பழைய லைப்ரரியில் இந்த வேலையின்போது செய்த திருத்தம். "பணியின்போது உருவானது" என்ற அளவுகோலில் அது கிளையன்டுக்குப் போகிறது. அப்போது ஒரே ஃபைலில் நாற்பது வரி ஒருவருக்கு, மீதி இன்னொருவருக்கு. அடுத்த கிளையன்டுக்கு அந்த ஃபைலைக் கொடுக்கவே முடியாது. "பழையதின் மீது செய்த மேம்பாடு பழையதின் உரிமையாளருக்கே" என்று ஒரு வரி போதும்.

ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் ஆகாது, கோடிலும் பிரிவு தெரிய வேண்டும். பொது லைப்ரரி தனி ரெப்போவில் இருந்து பேக்கேஜாக வரட்டும். அவசரத்தில் அதை கிளையன்ட் ஃபோல்டருக்குள் காப்பி பேஸ்ட் செய்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். ஃபைல் தலைப்பில் உரிமைக் குறிப்பு இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எழுதியவருக்கே அடையாளம் தெரியாது.

கிளையன்ட் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. அடியில் இருக்கும் லைப்ரரிக்கு உரிமம் இல்லாமல் மேலே கட்டியதை வைத்து என்ன செய்வார்? எனவே நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் முழுவதும் செல்லும் லைசென்ஸ் கொடுங்கள். நாளை வேறு வென்டரை வைத்துத் திருத்திக்கொள்ளவும் அதில் இடம் இருக்கட்டும். "டெலிவரியின் பகுதியாக மட்டும், தனியாக விற்க அல்ல" என்ற எல்லையை மறக்காதீர்கள்.

அறிவுசார் சொத்து வக்கீல்

பணம் கட்டியதால் உரிமை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குப் போகலாம். வெளியில் இருந்து செய்து தரும் கான்ட்ராக்டருக்கு அந்த விதி பொருந்தாது. அமெரிக்கச் சட்டத்தில், வெளியாரிடம் சொல்லிச் செய்விக்கும் படைப்பு "கூலிக்குச் செய்த படைப்பு" (உரிமை செய்யச் சொன்னவருக்கே சேரும் வகை) ஆக வேண்டுமென்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். படைப்பும் 9 வகைகளுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண மென்பொருள் அந்த வகைகளில் நேராகப் பொருந்துவதில்லை. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல், கையொப்பமிட்ட உரிமை மாற்றத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். உலக அளவில் விற்கும் மென்பொருளுக்கு "அனைத்து உரிமைகளும்" என்று எழுதிவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும் என்பதும் அதே பிரிவில்தான். ஒப்பந்தத்தில் வேறாகச் சொன்னால் அது தடுக்கப்படும். ஜெர்மனியிலோ பதிப்புரிமையை உயிரோடிருக்கும்போது இன்னொருவருக்கு மாற்றவே முடியாது; பயன்பாட்டு உரிமைதான் தர முடியும். ஒரு நாட்டு மாதிரிப் படிவத்தை அப்படியே இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்தது வினைச்சொல். "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" வெறும் வாக்குறுதி. "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்றால்தான் உரிமை நகரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் நடந்த காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கில் இதுதான் நடந்தது. ஆராய்ச்சியாளர் பல்கலைக்கழகத்திடம் முதல் வகையிலும், பின்னர் சீட்டஸ் நிறுவனத்திடம் (அதன் உரிமை பிறகு ரோஷுக்குப் போனது) இரண்டாம் வகையிலும் கையெழுத்திட்டிருந்தார். முன்னால் கையெழுத்து வாங்கிய பல்கலைக்கழகத்தை முந்தி, பின்னால் வாங்கிய நிறுவனத்தின் பத்திரம் நின்றது. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தைக் கைவிட்டது, காரணம் வேறாக இருந்தாலும்.

கிளையன்ட் தரப்பு கொள்முதல் பிரிவு

வினைச்சொல்லைச் சரியாக எழுதினாலும் சங்கிலி அறுந்திருந்தால் பயனில்லை. வென்டர் ஒரு ஃப்ரீலான்சரை வைத்து எழுதி, அவரிடம் உரிமையை வாங்காமல் இருந்தால், தன்னிடம் இல்லாததை எங்களுக்குத் தருகிறார். ஒவ்வொரு சப் கான்ட்ராக்டரிடமும் வாங்கிய கையெழுத்துப் பிரதியை இன்வாய்ஸோடு கேளுங்கள், வேலை முடிந்த பிறகு அல்ல.

உரிமை எப்போது நகர வேண்டும்? உருவான நொடியிலேயே என்பது கிளையன்டான எங்களுக்கு லாபம்; முழுப் பணம் வந்த பிறகு என்பது வென்டருக்கு. மைல்கல் வாரியாக, அந்தந்தப் பகுதிக்குப் பணம் போனதும் அந்தப் பகுதி நகரட்டும், அதுவரை தற்காலிக லைசென்ஸ் என்பது இரு தரப்பும் இறங்கி வரக்கூடிய இடம். ஒரு சின்னத் தகராறு பில்லுக்காக மொத்தமும் தொங்காமல் இருக்க, "தகராறு இல்லாத தொகை" என்று எழுதுங்கள்.

அறிவுசார் சொத்து வக்கீல்

உரிமை யாருக்கு என்று முடிவுக்கு வர முடியாதபோது "இருவருக்கும் கூட்டாகச் சொந்தம்" என்று எழுதி எழுந்து போகிறார்கள். வேண்டாம். அமெரிக்காவில் கூட்டுக் காப்புரிமை உள்ளவர் மற்றவரைக் கேட்காமலே, லாபப் பங்கும் தராமல் பயன்படுத்தலாம், லைசென்ஸும் தரலாம். இந்தியாவில் தானே பயன்படுத்தலாம்; மற்றவர் சம்மதமின்றி லைசென்ஸ் தர முடியாது. ஒரே வரி இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும்.

பில்ட் இன்ஜினியர்

"ஓப்பன் சோர்ஸ் எதுவும் இல்லை என்று உறுதி தருகிறோம்" என்ற வரியில் கையெழுத்திடும் வென்டர் பெரும்பாலும் பொய்யில்தான் கையெழுத்திடுகிறார். உறுதிமொழிக்குப் பதில் பட்டியல் கேளுங்கள்: எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன்டிஎக்ஸ் (மென்பொருள் பாகங்களைப் பட்டியலிடும் பொது வடிவங்கள்) வடிவில், ஒவ்வொரு பாகத்தின் பதிப்பும் லைசென்ஸும், மறைமுகமாக இழுத்து வரும் பாகங்கள் உட்பட. ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களில் எம்ஐடி, அப்பாச்சி வகைகள் பெரும்பாலும் சிக்கல் இல்லாதவை. ஜிபிஎல் கோடைச் சேர்த்து டெலிவரி செய்தால், கிளையன்டுக்குக் கொடுப்பதே விநியோகம்; அதோடு சோர்ஸ் தரும் கடமையும் வரும். ஏஜிபிஎல் கோடைத் திருத்தி நெட்வொர்க் வழியே பயன்படுத்தவிட்டாலே சோர்ஸ் தரும் கடமை வந்துவிடும்.

எஸ்க்ரோவில் (வென்டர் கைவிட்டால் கிளையன்ட் எடுத்துக்கொள்ள மூன்றாம் நபரிடம் ஒப்படைத்து வைப்பதில்) சோர்ஸ் கோடை மட்டும் வைப்பது பாதி வேலை. பில்ட் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் அமைப்பு, கன்ஃபிகரேஷன் மாதிரி, டிபெண்டன்சி லாக் ஃபைல் (சார்ந்திருக்கும் பாகங்களின் சரியான பதிப்புகளைக் குறித்த ஃபைல்) எல்லாம் வேண்டும். வெறும் மெஷினில் அதை மட்டும் வைத்து ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். முதல் முயற்சியிலேயே ஓடினால் அதிசயம். எப்போது திறக்கலாம் என்பதில் "திவால்" மட்டும் எழுதாமல், பராமரிப்பு நின்று இத்தனை நாள் ஆனால் என்றும் சேருங்கள்.

வென்டர் தரப்பு டெவலப்பர்

ஏஐ கருவி எழுதிய கோட் பற்றி யாரும் சொல்லவில்லையே. மனிதப் படைப்பாளர் இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. உரிமையே இல்லாத பகுதியை எந்த வினைச்சொல்லாலும் மாற்றித் தர முடியாது. அந்தப் பகுதிக்கு ரகசியக் காப்பு விதிதான் கைகொடுக்கும். எந்த ஃபைலில் கருவி பயன்பட்டது என்று கமிட் செய்தியில் குறித்துவிடுவது மலிவான வழி.

கிளையன்ட் தரப்பு கொள்முதல் பிரிவு

இன்னொன்றும் விடுபடுகிறது. டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஆப் ஸ்டோர் கணக்கும் கையொப்பச் சாவியும் யாரிடம், கிளவுட் கணக்கின் மூல லாகின் யார் மின்னஞ்சலில் என்பவை உரிமைப் பிரிவில் வருவதே இல்லை. ஒப்படைப்பு இணைப்பில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, மாற்றிய தேதியையும் போட்ட பிறகே கடைசித் தவணையை விடுவியுங்கள்.