ஜாங்கோ 5.2: காம்போசிட் பிரைமரி கீ பயன்படுத்தியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஒரு கடையின் பில்லிங் செயலியை ஜாங்கோ (பைத்தானில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) 4.2-இலிருந்து 5.2-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் ஷெல்லைத் திறந்ததும் மாடல்கள் (டேபிள்களைக் குறிக்கும் பைத்தான் கிளாஸ்கள்) தானாக இம்போர்ட் ஆகிவிடுவது பெரிய நிம்மதி. ஆனால் நான் முக்கியமாகக் காத்திருந்தது காம்போசிட் பிரைமரி கீக்குத்தான் (டேபிளின் ஒரு வரியை அடையாளம் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட நெடுவரிசைகள் சேர்ந்த கீ), 2005-இலிருந்தே கேட்கப்பட்டு வந்த வசதி அது.

எங்கள் பழைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் பில் எண்ணும் வரி எண்ணும் (அந்த பில்லில் எத்தனையாவது வரி என்பது) சேர்ந்துதான் கீ. இதுவரை பில் எண்ணை மட்டும் கீ என்று மாடலில் காட்டி ஓட்டினேன், அதனால் ஒரு வரியின் விலையை மட்டும் அப்டேட் செய்யப்போனால் அந்த பில்லின் எல்லா வரியிலும் விலை மாறிவிடும், ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே கோட் எழுத வேண்டியிருந்தது.

இப்போது அது சரியாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, இந்த மாடலுக்கு வேறு டேபிளிலிருந்து ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) கொடுக்க முடியாது, ஜாங்கோவின் நிர்வாகப் பக்கமான அட்மினிலும் பதிவு செய்ய முடியாது. எனக்கு இரண்டுமே வேண்டும்: திருப்பி வந்த சரக்கு டேபிள் இதைத்தான் சுட்டுகிறது, கடைக்காரர் தினமும் அட்மினில்தான் பார்க்கிறார்.

ஃபாரின் கீக்குப் பதிலாக ஃபாரின்ஆப்ஜெக்ட் வைத்து இணைக்கலாம் என்று ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் அது உள் ஏபிஐ (ஜாங்கோவின் உள் பயன்பாட்டுக்கானது, முன்னறிவிப்பின்றி மாறலாம்) என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. யாராவது அதை லைவ்வில் ஓட்டுகிறீர்களா? இல்லை, தனியாக ஐடி நெடுவரிசை சேர்த்து, பழைய இரண்டுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (அதே ஜோடி இரண்டு முறை வராமல் தடுக்கும் விதி) போடுவதுதான் நல்லதா? டேபிளில் சுமார் 4 லட்சம் வரிகள் உள்ளன. மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் படிகளை) எப்படிப் பிரித்துச் செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.