பெருநகரக் குற்றப் பட்டியலை நம்பி வீடு பார்க்கலாமா?

வழிப்போக்கன்:
குடிபோகவிருக்கும் பெருநகரம் "ஆபத்தான ஊர்கள்" பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருக்கிறது. செய்தியைத் திறந்தால் தினம் ஒரு கொலை. காவல்துறைக் கணக்கோ சில வருடங்களாக இறங்குமுகம். பார்த்து வைத்திருக்கும் தெருவில், குற்ற வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் குவிந்து கிடக்கின்றன. எதை நம்புவது?

கணக்குப்புலி:
தினம் ஒன்று என்றால் வருடத்துக்கு 365. ஊரில் 1 கோடிப் பேர் இருந்தால் லட்சம் பேருக்கு 3.65 கொலை. 5,000 பேர் இருக்கும் சிற்றூரில் வருடத்தில் ஒரே ஒரு கொலை நடந்தாலே லட்சத்துக்கு 20. (சிற்றூரை ஒரு வருடத்தை வைத்து எடைபோடவும் கூடாது, அடுத்த நாலு வருடம் பூஜ்யமாகவே போகலாம். ஐந்து வருடத்தைக் கூட்டி வகுங்கள்.)

அடுத்து எல்லைக்கோட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் 1870களிலேயே சுற்றியிருந்த கவுன்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) விட்டுப் பிரிந்துவிட்டது. நகர எல்லைக்குள் சுமார் 3 லட்சம் பேர்தான். புறநகரைச் சேர்த்தால் 27 லட்சத்தைத் தாண்டும். குற்றம் மிகுந்த நடுப்பகுதியை மட்டும் பிய்த்தெடுத்து வகுத்தால் பட்டியலில் முதலிடம் வராமல் என்ன செய்யும்? புறநகரையும் உள்ளே இழுத்துப்போட்ட ஊரோடு அதை ஒப்பிடுவது வீண்வேலை.

வருடப் போக்குக்குக் கொலைக் கணக்கைப் பிடியுங்கள். பிணத்தை மறைப்பது கடினம். நியூயார்க்கில் 1990இல் 2,245, 2018இல் 295. வாகனத் திருட்டும் ஓரளவு நம்பலாம், காப்பீட்டுப் பணத்துக்காகவாவது புகார் கொடுத்துவிடுவார்கள்.

தெருமுனை:
போக்குக்குச் சரி, ஆனால் வாடகைக்கு வருபவருக்குக் கொலைக் கணக்கால் என்ன பயன்? பல கொலைகள் தெரிந்தவர்களுக்குள் நடப்பவை. அவருக்கு வேண்டியது வழிப்பறியும் வீடு புகுந்து திருடுவதும். அங்கேதான் புகார் குறைவு. அமெரிக்காவில் 1973 முதல் வீடுவீடாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பில், வன்முறைக் குற்றங்களிலேயே பாதிக்கும் குறைவானவைதான் காவல்துறைக்குப் போனதாகப் பெரும்பாலும் வருகிறது. புகார் கொடுப்பது எளிதானால் பதிவு ஏறும். ஊர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

வரைபடப் புள்ளிகள்: அந்தரங்கம் கருதிப் பல தளங்கள் சரியான வாசலைக் காட்டாமல் பக்கத்துச் சந்திப்பில் குத்திவிடும். முகவரி சிக்காததை மென்பொருள் ஒரு பொது இடத்தில் கொட்டும். இருபது புள்ளியும் ஒரே இடத்தில் துல்லியமாக அடுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றாக அழுத்தி வகை, நேரம் பாருங்கள். கடைத்தெருவில் பகல்நேரச் சில்லறைத் திருட்டாக இருந்தால், அங்கே வந்துபோகும் கூட்டத்துக்கான கணக்கு அது, குடியிருப்பவர் தலையில் ஏற்றக்கூடாது.

அதே ஊரில் நாலு தெரு தள்ளினால் கதையே மாறும். அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள்: பாதி அழைப்புகள் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்து. நகரச் சராசரி எந்தத் தெருவையும் காட்டாது.

வழிப்போக்கன்:
புள்ளிகளை அழுத்திப் பார்த்தேன். முக்கால்வாசி ஒரே சந்திப்பில், வாகனத்துக்குள் இருந்த பொருள் திருட்டு, இரவு 10க்கு மேல்.

தெருமுனை:
அப்படியானால் வீட்டைவிட வண்டி நிறுத்துமிடம்தான் கேள்வி. உள்ளே நிறுத்த இடமுண்டா என்று கேளுங்கள். வெளியேதான் என்றால் இருக்கையில் பை, சார்ஜர் ஒயர் எதுவும் கண்ணில் படக்கூடாது. இரவு 10 மணிக்கு மேல் ஒருமுறை போய் அந்தச் சந்திப்பில் விளக்கு எரிகிறதா பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.